சிகிச்சை முடிந்த பிறகும் விடாத லைம் நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூன் மாதத்தில், என் கணவரை உண்ணி கடித்தது. கனெக்டிகட் மாநிலத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்புறம் மரங்கள் அடர்ந்த காடு. அதன் ஓரத்தில் வெண்டைக்கும் கத்தரிக்கும் பாத்தி கட்டிக்கொண்டிருந்தவரின் முழங்காலுக்குப் பின்னால் அது ஒட்டியதை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. சில நாள் கழித்து அந்த இடத்தில் கன்றிப்போனது போன்ற ஒரு தடம் தெரிந்தது. காட்டியபோது, எங்கோ இடித்துக்கொண்டிருப்பீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கமாகத் தானே வழிந்தது. முகவாதம். அதன் பிறகே பரிசோதனை செய்து லைம் நோய் என்று கண்டுபிடித்து, மூன்று வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். முகம் ஒரு மாதத்தில் நேரானது. அசதி மட்டும் போகவில்லை.

அன்று முதல் எங்களிடம் பிற தமிழ்க் குடும்பங்கள் கேட்டவையும் நாங்களே மருத்துவர்களிடம் கேட்டவையும் இங்கே உள்ளன. நான் மருத்துவர் அல்ல. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை.

லைம் நோய் என்பது என்ன? அந்தப் பெயர் எப்படி வந்தது?

உண்ணிக் கடியால் பரவும் ஒரு பாக்டீரியா தொற்று இது. கனெக்டிகட்டில் லைம், ஓல்ட் லைம் என்று அடுத்தடுத்து இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. 1970களின் நடுவில் அப்பகுதியில் பல குழந்தைகளுக்கு மூட்டுகள் வீங்கின. பாலி மரே என்ற தாய், தம் குடும்பத்துக்கு நேர்ந்ததையும் அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டதையும் குறித்துவைத்துக்கொண்டு 1975இல் மாநிலச் சுகாதாரத் துறையிடம் முறையிட்டார். அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் சொன்னதை மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1977இல் இதை லைம் மூட்டழற்சி என்று எழுதினார்கள். காரணம் தெரியவந்தது 1981இல். மொன்டானா மாநிலத்து ஆய்வுக்கூடத்தில் வில்லி பர்க்டார்ஃபர், நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளின் குடலில் சுருள் வடிவ பாக்டீரியாவைக் கண்டார். அது இன்று அவர் பெயரால் பொரேலியா பர்க்டார்ஃபெரி எனப்படுகிறது.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும், விஸ்கான்சின், மின்னசோட்டா பகுதிகளிலும் கருங்கால் உண்ணி இதைப் பரப்புகிறது. பாக்டீரியா தங்கியிருப்பது பெரும்பாலும் வெண்பாத எலிகளிடம். எலியைக் கடித்த உண்ணி பின்னர் மனிதரைக் கடிக்கிறது. வசந்தத்தின் கடைசியிலும் கோடையிலும் திரியும் இளம் உண்ணி ஒரு கசகசா மணி அளவே இருக்கும். வளர்ந்த உண்ணி எள் அளவு. காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு சி.டி.சி. எனப்படும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் போட்ட கணக்கின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் லைம் நோய்க்காகச் சிகிச்சை பெறுகிறார்கள்.

எங்கள் நிறத் தோலில் அந்தச் சிவந்த வட்டம் தெரியுமா?

தெரியும், ஆனால் படங்களில் பார்ப்பது போல இருக்காது. தொற்று ஏற்பட்டவர்களில் 70 முதல் 80 விழுக்காட்டினருக்குக் கடித்த 3 முதல் 30 நாள்களுக்குள் தடிப்பு தோன்றி மெல்லப் பரவுகிறது. வெள்ளைத் தோலில் அது ரோஜா நிறமாகப் பளிச்சென்று தெரியும். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அது ஊதா கலந்த பழுப்பாக, கன்றிப்போன இடம் போலத் தோன்றும். நடுவில் வெளிறி வெளியே வளையமாக இருக்கும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. பலருக்கு அது ஒரே நிறமாகவே பரவும். அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளுக்கு இந்தத் தடிப்பு தவறவிடப்பட்டு, நோய் முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படுவது மிகுதி. எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். கோடையில் காரணம் தெரியாத ஒரு தடம் நாளுக்கு நாள் பெரிதானால், பேனாவால் அதன் விளிம்பைக் கோடிட்டு, நாளும் ஒரு புகைப்படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சை தள்ளிப்போவதும், தொற்று நரம்புகள் வரை பரவியிருப்பதும், பின்னர் தொல்லைகள் நீடிக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆகவே இந்த ஒரு கேள்வியை நான் ஒருபோதும் சுருக்கிச் சொல்வதில்லை.

மாத்திரையை முழுவதும் முடித்தேன். பிறகும் ஏன் அசதியும் வலியும் தொடர்கின்றன?

பெரும்பாலோர் இரண்டு மூன்று வாரச் சிகிச்சையில் குணமாகிவிடுகிறார்கள். சிலருக்கு முழுத் தெம்பு திரும்பச் சில மாதங்கள் ஆகின்றன. ஆனால் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு, சில ஆய்வுகளில் அதைவிடவும் கூடுதலானோருக்கு, கடும் அசதி, மூட்டிலும் தசையிலும் இடம் மாறி மாறி வரும் வலி, தூங்கியும் தூங்காதது போன்ற விழிப்பு, சொல் தட்டுப்படாமல் போவது, படித்தது மனத்தில் நிற்காமை ஆகியவை நீடிக்கின்றன. சிகிச்சை முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகும் இவை அன்றாட வாழ்க்கையைக் குலைக்குமானால், மருத்துவர்கள் இதை 'சிகிச்சைக்குப் பிந்தைய லைம் நோய்க்குறித் தொகுப்பு' என்கிறார்கள். ஆராய்ச்சிக்கான இந்த வரையறையை அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 2006இல் முன்வைத்தது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, உடற்பரிசோதனையிலும் வழக்கமான இரத்தப் பரிசோதனையிலும் பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அசதி, வலி, தூக்கம் ஆகியவற்றை முறையாக அளந்தபோது, லைம் நோய் வராதவர்களிடமிருந்து அவர்கள் தெளிவாக வேறுபட்டார்கள். பரிசோதனை முடிவு சரியாக இருப்பதாலேயே ஒருவர் நலமாக இருக்கிறார் என்று ஆகிவிடாது என்பதை எடுத்துச்சொல்ல நான் இந்த ஆய்வையே எப்போதும் குறிப்பிடுவேன்.

'நாட்பட்ட லைம்' என்கிறார்களே, இதுவும் அதுவும் ஒன்றா?

அல்ல. 'நாட்பட்ட லைம்' என்ற பெயருக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட வரையறை கிடையாது. லைம் தொற்று உறுதியாகி, சிகிச்சை பெற்று, பிறகும் துன்பப்படுகிறவர்களுக்கும் அதைச் சொல்கிறார்கள். தொற்று இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லாமல், அசதிக்கும் வலிக்கும் வேறு காரணம் கிடைக்காதவர்களுக்கும் அதையே சொல்லிவிடுகிறார்கள். இரண்டாம் வகையினரின் துன்பம் எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஆனால் அந்தப் பெயர் ஒட்டப்பட்டதும் உண்மைக் காரணத்தைத் தேடுவது நின்றுவிடுகிறது என்பதே என் கவலை.

உடலுக்குள் என்னதான் நடக்கிறது?

முடிவான விடை இன்னும் இல்லை. வலுவான சில தடயங்கள் இருக்கின்றன. பாக்டீரியா செத்த பிறகும் அதன் சுவரின் துணுக்குகள் உடலில் தங்கிவிடுகின்றன என்பது ஒன்று. லைம் மூட்டழற்சி உள்ளவர்களின் மூட்டு நீரில், ஆன்டிபயாட்டிக் முடிந்த பிறகும், பெப்டிடோகிளைகான் என்ற அந்தச் சுவர்ப்பொருள் இருப்பதை 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வீட்டுக்குள் வந்த திருடன் போன பிறகும் அவன் விட்டுச் சென்ற செருப்பைப் பார்த்து நாய் குரைத்துக்கொண்டே இருப்பதைப் போல, அந்தத் துணுக்குகளைப் பார்த்து நோயெதிர்ப்பு மண்டலம் அடங்காமல் இருக்கலாம். நோயெதிர்ப்பு மண்டலம் நம் உடலையே தாக்கத் தொடங்குவது, மெல்லிய நரம்பு இழைகள் பழுதாவது, மூளையில் அழற்சி நீடிப்பது ஆகியவையும் ஆராயப்படுகின்றன. எலிகளிலும் குரங்குகளிலும் சிகிச்சைக்குப் பின் சில பாக்டீரியாக்கள் எஞ்சியதாகக் கண்ட ஆய்வுகளும் உண்டு. மனிதர்களின் தொல்லைக்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. எல்லோருக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

இரத்தப் பரிசோதனை இன்னும் பாசிட்டிவ் என்று வருகிறது. கிருமி உள்ளே இருக்கிறது என்று பொருளா?

இல்லை. வழக்கமான பரிசோதனை பாக்டீரியாவைத் தேடுவதில்லை. அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய ஆன்டிபாடிகளைத் தேடுகிறது. அவை குணமான பின்பும் பல ஆண்டுகள் இரத்தத்தில் இருக்கும். சிகிச்சை பலித்ததா என்று அறிய இந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்வதில் பயனில்லை. அதே காரணத்தால், தொற்றின் முதல் சில வாரங்களில் ஆன்டிபாடி போதிய அளவு உருவாகாததால் நெகட்டிவ் என்றும் வரலாம். தடிப்பு தெளிவாக இருந்தால் பரிசோதனைக்குக் காத்திராமலே சிகிச்சை தொடங்குவார்கள். சிறுநீரில் லைம் கண்டுபிடிப்பதாகவும், சி.டி.57 என்ற அணுக்களை எண்ணிச் சொல்வதாகவும் பெரும் பணம் வாங்கும் சோதனைகளை சி.டி.சி. ஏற்பதில்லை.

இன்னும் ஆறு மாதம் ஆன்டிபயாட்டிக் எடுத்தால் குணமாகாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நாங்களும் கேட்டோம், கேட்டதில் தவறில்லை. மருந்தால் பாதி குணமான ஒருவருக்கு, அதே மருந்தை இன்னும் கொஞ்சம் எடுத்தால் மீதியும் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். அதனாலேயே மருத்துவர்களும் இதைப் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

2001இல் வெளியான கிளெம்ப்னர் குழுவின் ஆய்வில் 129 பேர். ஒரு தரப்பினருக்கு 30 நாள் இரத்தக்குழாய் வழியாக செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அதன்பின் 60 நாள் டாக்ஸிசைக்ளினும் கொடுத்தார்கள். மற்றத் தரப்பினருக்கு மருந்தில்லாத திரவமும் வெற்று மாத்திரையும். இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவினர் தேறினார்கள், ஒரே அளவினர் மோசமானார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேறியதைக் கவனியுங்கள்: நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக்கால் குணமானேன் என்று ஒருவர் உளமாரச் சொல்லும்போது, அவர் பொய் சொல்லவில்லை, மருந்து இல்லாமலும் அவர் அந்தக் காலத்தில் தேறியிருக்கக்கூடும்.

2003இல் வெளியான குருப் குழுவின் ஆய்வில் 28 நாள் செஃப்ட்ரியாக்சோன் பெற்றவர்களுக்கு அசதி ஓரளவு குறைந்தது. சிந்தனை வேகத்தில் மாற்றமில்லை. பக்கவிளைவுகளால் நால்வரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. அவர்களில் மூவர் மருந்தே பெறாத தரப்பைச் சேர்ந்தவர்கள். இரத்தக்குழாயில் பல நாள் ஊசிக்குழாய் பொருத்தி வைத்திருப்பதே ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபேலன் குழு 2008இல், 10 வாரம் இரத்தக்குழாய் வழியாக மருந்து கொடுத்து நினைவுத்திறனை அளந்தது. 12ஆம் வாரத்தில் தெரிந்த முன்னேற்றம் 24ஆம் வாரத்தில் நிலைக்கவில்லை. நெதர்லாந்தில் 280 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் இரண்டு வாரம் செஃப்ட்ரியாக்சோன் கொடுத்துவிட்டு, அதற்குமேல் 12 வாரம் சிலருக்கு ஆன்டிபயாட்டிக்கும் சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். வேறுபாடு இல்லை.

கெடுதலோ கண்கூடு. 1990களின் தொடக்கத்தில் நியூஜெர்சியில், லைம் என்ற சந்தேகத்தின் பேரில் செஃப்ட்ரியாக்சோன் பெற்றவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகி, சிலருக்குப் பித்தப்பையையே அகற்ற நேர்ந்தது. 2017இல் சி.டி.சி., 'நாட்பட்ட லைம்' என்று சொல்லிச் சிகிச்சை பெற்ற 5 பேருக்கு வந்த கடும் தொற்றுகளை வெளியிட்டது. உயிரிழப்பும் அதில் உண்டு. 2020இல் அமெரிக்கத் தொற்றுநோய், நரம்பியல், மூட்டுநோய் மருத்துவர்களின் மூன்று சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், தொற்று நீடிப்பதற்கான புறச்சான்று இல்லாதபோது கூடுதல் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்கிறது. மறுத்த மருத்துவர் மீது அன்று எனக்குக் கோபம் இருந்தது. இன்று நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். ஆனால் மறுத்ததோடு நில்லாமல், வேறு என்ன செய்யலாம் என்றும் அவர் சொல்லியிருக்கலாம்.

மருந்து எடுத்ததும் தொல்லை கூடுகிறது. கிருமி சாவதன் அடையாளம் என்கிறார்களே?

சிகிச்சையின் முதல் நாளில் சிலருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்து, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கும். அது உண்மை. பல வாரம், பல மாதம் நீளும் வேதனையை அந்தக் கணக்கில் எழுத முடியாது. அது மருந்தின் பக்கவிளைவாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

லைம் தவிர வேறு எவற்றைச் சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்?

அதே உண்ணி வேறு கிருமிகளையும் கொண்டுவரும். பபேசியா என்ற ஒட்டுண்ணி, மலேரியாவைப் போலச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, காய்ச்சல், இரவு வியர்வை, இரத்தசோகை ஆகியவற்றை உண்டாக்கும். டாக்ஸிசைக்ளின் அதற்குப் போதாது. அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துத் தர வேண்டும்.

அடுத்து, லைமுக்குத் தொடர்பே இல்லாதவை. தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, நீரிழிவு, முடக்குவாதம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, மனச்சோர்வு ஆகிய எல்லாமே அசதியாகத்தான் வெளிப்படும். நம்மவர்கள் இரண்டைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஒன்று வைட்டமின் பி12. சைவ உணவுக்காரர்களிடம் இந்தக் குறை பரவலாக உண்டு. கால் மரத்துப்போவது, மறதி, சோர்வு என்று அதன் அறிகுறிகள் லைமின் அறிகுறிகளோடு அப்படியே ஒத்துப்போகும். மற்றொன்று வைட்டமின் டி. நம் நிறத்தவர்களுக்குக் குளிர்நாட்டு வெயில் போதுவதில்லை. என் கணவருக்கு பி12 மிகக் குறைவாக இருந்தது, தொற்றுக்கு இரண்டாண்டு கழித்துத்தான் தெரிந்தது. ஊசி போட்டதும் எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் பாதத்தின் எரிச்சல் நின்றது, அதனால் இரவுத் தூக்கம் வந்தது.

அப்படியானால் எதற்குத்தான் சிகிச்சை இருக்கிறது?

இந்த நோய்க்குறித் தொகுப்பை மொத்தமாக நீக்கும் மருந்து இன்று இல்லை. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் செய்யக்கூடியது உண்டு. முதலில் தூக்கம், ஏனெனில் தூக்கம் கெட்டிருக்கும் வரை வலியும் குறையாது, நினைவும் தெளியாது. குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் மாற்றாமல் வையுங்கள். தூக்கமின்மைக்கென உள்ள நடத்தைச் சிகிச்சை, மாத்திரையைவிட நீடித்த பலன் தருவதாக நிறுவப்பட்டது. நரம்பு எரிச்சலுக்கும் பரவலான வலிக்கும் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், கபாபென்டின் போன்றவற்றை மருத்துவர்கள் தருகிறார்கள். அவற்றில் சில மனச்சோர்வு மருந்துகள் என்பதைப் பார்த்து, நம்மை மனநோயாளி என்று நினைத்துவிட்டார்களோ என்று கலங்க வேண்டாம். அவை வலி நரம்புகளிலும் வேலை செய்கின்றன.

எழுந்து நின்றாலே தலை சுற்றி, நெஞ்சு படபடக்கிறதா? படுத்திருக்கும்போது நாடியை எண்ணிவிட்டு, எழுந்து நின்று 10 நிமிடம் வரை மீண்டும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். இரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடி நின்றால், பாட்ஸ் எனப்படும் தன்னியக்க நரம்புக் கோளாறாக இருக்கலாம். தொற்றுகளுக்குப் பிறகு இது வருவதுண்டு. கூடுதல் தண்ணீர், மருத்துவர் அனுமதித்தால் கூடுதல் உப்பு, காலை இறுக்கும் நீண்ட காலுறை, தேவைப்பட்டால் மருந்து என்று இதற்கு நல்ல வழிகள் உள்ளன. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாமாக உப்பைக் கூட்டக் கூடாது.

முழங்கால் வீங்கியே இருந்தால், அது வேறு கணக்கு. லைம் மூட்டழற்சிக்கு 28 நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, போதாவிட்டால் இன்னொரு சுற்று கொடுப்பதுண்டு. அதன் பிறகும் வீக்கம் நின்றால், கிருமியைத் துரத்துவதை நிறுத்திவிட்டு, மூட்டுநோய் மருத்துவர் மெத்தோட்ரெக்சேட் போன்ற அழற்சி தணிக்கும் மருந்துக்கு மாற்றுவார்.

அன்றாட வேலைகளை எப்படிச் சமாளிப்பது?

எங்கள் அனுபவத்தில், மருந்துகளைவிட இதற்கே கூடுதல் பலன் இருந்தது. நன்றாக இருக்கும் நாளில் விட்டுப்போன வேலை முழுவதையும் செய்து, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது என்ற சுழற்சியில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். உடல் உழைப்புக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ நிலைமை மோசமாகிறதென்றால், உழைப்பின் அளவை அந்த எல்லைக்குக் கீழே நிறுத்த வேண்டும். களைத்த பிறகு உட்காராமல், களைப்பதற்கு முன்பே உட்கார வேண்டும். இரண்டு வாரம் ஒரு நோட்டில், செய்த வேலையையும் மறுநாள் நிலைமையையும் எழுதிவந்தால் எல்லை தெரிந்துவிடும். உடற்பயிற்சியை அந்த எல்லைக்குள், 5 நிமிட நடையாகத் தொடங்கி, பாதிப்பு இல்லையென்றால் மட்டும் மெல்லக் கூட்டலாம்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையது. குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது அவருக்கு நினைவில் நிற்பதில்லை. இரண்டு முறை பருப்பு அடிப்பிடித்துக் கருகியது. இப்போது அடுப்பருகே ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொரு விசிலுக்கும் ஒன்றை எடுத்து வெளியே வைக்கிறார். காய் நறுக்குவது நாற்காலியில் உட்கார்ந்து. முந்தைய இரவே நறுக்கி வைத்துவிட்டால் காலையில் சாம்பார் வைக்கத் தெம்பு மிஞ்சுகிறது. மறதிக்கு எதிராக மூளையோடு மல்லுக்கட்டுவதைவிட, நினைவில் வைக்க வேண்டிய பொறுப்பைக் கொட்டைக்கும் நோட்டுக்கும் கைபேசி மணிக்கும் கொடுத்துவிடுவது நல்லது.

எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில் சொல்லத் தெம்பிருந்தால் மட்டும் சொல்லுங்கள். இது கற்பனை அல்ல. அதே சமயம், நீண்ட நோய் மனத்தையும் பாதிக்கிறது. மருத்துவமனையில் லைம் நோய் கண்டறியப்பட்டவர்களிடையே மனநோய்களும் தற்கொலை முயற்சிகளும் மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதை டென்மார்க் நாட்டு மக்கள் பதிவேடுகளைக் கொண்டு 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. மனநல மருத்துவரைப் பார்ப்பதால், நோய் பொய் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது. வாழ வேண்டாம் என்ற நினைப்பு வந்தால், அமெரிக்காவில் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். வீட்டிலுள்ளவர்களுக்கு ஒன்று: 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறீர்கள்' என்பதைச் சொல்லாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன். அவர் முகம் அன்று எப்படிப் போயிற்று என்பது எனக்கு மறக்கவில்லை.

வேலையை விட்டுவிட வேண்டியிருக்குமா?

அவசரப்பட வேண்டாம். 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஓராண்டு வேலை பார்த்தவருக்கு, அமெரிக்கக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி பெரும்பாலும் ஆண்டுக்கு 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு உண்டு. மருத்துவர் சான்றளித்தால் அதை ஒரே மூச்சில் எடுக்காமல், வாரத்துக்கு ஒரு நாள், நாளுக்கு இரண்டு மணி என்று பிரித்தும் எடுக்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. விசாவில் வேலை பார்ப்பவர்கள், விடுப்புக்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சித்த மருந்து, நிலவேம்பு, மூலிகைகள் உதவுமா?

லைமுக்கு நிலவேம்பு பயன்படும் என்று காட்டும் நல்ல ஆய்வு கிடையாது. எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மூலிகை, மாத்திரை இரண்டையும் கல்லீரல் சேர்த்தே சுமக்கிறது. உலோகம் கலந்த மருந்துகள் வேண்டவே வேண்டாம். லைமுக்கென்று விற்கப்பட்ட பிஸ்மேசின் என்ற பிஸ்மத் ஊசியால் ஓர் உயிர் போனபின், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006இல் எச்சரிக்கை வெளியிட்டது.

ஊருக்குத் திரும்பினால் மருத்துவம் கிடைக்குமா? மற்றவர்களுக்குத் தொற்றுமா?

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொடுவதாலோ உணவாலோ தொற்றாது. தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு இது அன்றாடம் வரும் நோய் அல்ல; எனவே நோய் கண்டறிந்த நாள், பரிசோதனை முடிவுகள், எடுத்த மருந்தும் அளவும் நாள்களும் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பைக் கையில் கொண்டுசெல்லுங்கள். முகவாதத்துக்கு வேறு காரணம் தேடி முழுச் சுற்றும் மறுபடி தொடங்குவதை அது தவிர்க்கும்.

இது எப்போதாவது சரியாகுமா?

பெரும்பாலோர் காலப்போக்கில் தேறுகிறார்கள். ஆனால் மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஆண்டுகள் ஆகலாம். தேறுவது நேர்கோடாகவும் இருக்காது. ஒரு சளிக் காய்ச்சல் வந்தால் இரண்டு வாரம் பின்னோக்கிப் போகும், பிறகு மீளும். என் கணவர் முதல் ஆண்டில் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்தார். இப்போது ஏறிவிடுகிறார், ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் கணக்கு வழக்குப் பார்ப்பதில்லை.

எவற்றைப் பழைய லைம் என்று விட்டுவிடக் கூடாது?

மயக்கம், நெஞ்சு வலி, நாடி மிக மெதுவாக ஓடுவது, புதிதாக ஒரு பக்கம் பலவீனம், கழுத்து விறைப்போடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை வந்தால் தாமதிக்காதீர்கள். லைம் தொற்று இதயத்தின் மின்னோட்டத்தையும் தடுக்கக்கூடியது.

மறுபடியும் உண்ணி கடித்தால் என்ன செய்வது?

ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்பதில்லை. மீண்டும் தடிப்பு வந்தவர்களின் பாக்டீரியாவை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வில், அவை பழைய தொற்றின் மிச்சமல்ல, புதிய கடியால் வந்தவை என்று தெரிந்தது. ஆகவே புதிய தடிப்பு வந்தால் புதிய நோயாகவே கருதி, முறையான சிகிச்சையை முழுவதும் எடுக்க வேண்டும்.

உண்ணி ஒட்டியிருந்தால், நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எதுவும் வேண்டாம். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் லைம் பரவுகிறது. எடுத்த உண்ணியை ஒட்டுநாடாவில் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கருங்கால் உண்ணி 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்து, எடுத்து 72 மணி நேரம் கடக்காதிருந்தால், பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் ஒரே வேளை கொடுப்பதுண்டு. அன்றே மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். அந்த மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். பால், இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றை இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். தோட்டத்திலிருந்து வந்ததும் துணியைக் கழற்றி, துவைக்கும் முன்பே உலர்த்தியில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் போட்டால் அதில் ஒட்டிய உண்ணி செத்துவிடும். பிறகு முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு, காதின் பின்புறம், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள் என்று விரலால் தடவிப் பாருங்கள். கசகசா அளவான இளம் உண்ணி கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தட்டுப்படும்.